மூன்று ரங்கா தண்ணீர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப் போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் நன்றாக இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறை ஒன்றில் பெண்கள் உடை மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிற பொங்கலோடு சாவியைக் கொடுக்கப் போகிறேன். அடுத்து வரும் பெண்ணுக்கு அங்கே யாரும் எதையும் சொல்லித் தர மாட்டார்கள். அதனால்தான் இது. எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும். மற்றதைப் பேத்தி எழுதுகிறாள்.

1. முதல் நாள்

முதல் நாள் முதல் ஆளாக வந்த அம்மா, படியில் நின்றுகொண்டு தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். காலை வைத்தவர் வைத்த வேகத்தில் மேலே ஏறி வந்து, "இதுக்குப் பேரு நல்லா இருக்குதா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். காவிரியை நானே ஐஸ் போட்டு வைத்த மாதிரி அரை மணி நேரம் பேச்சு வாங்கினேன்.

2. தண்ணீரின் குணம்

மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது செம்மண் நிறமாக இருக்கும். குளித்து ஏறினால் புடவைக் கரையில் மணல் நிற்கும். ஆடியில் இழுப்பு ஜாஸ்தி, ஆனால் அவ்வளவாகக் குளிராது. ஐப்பசியில் மழைத் தண்ணீர் கலந்து வரும், அதுதான் எலும்பைத் தொடும். மார்கழியைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். விடிவதற்கு முன் இறங்கினால் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், குளிர் எல்லாம் வெளியே ஏறும்போதுதான். ஆகையால் மார்கழியில் துண்டு அறைக்குள் இருக்கக் கூடாது, படியில் இருக்க வேண்டும். சித்திரையில் சுடுமணலில் நடந்து போய்க் கணுக்கால் தண்ணீரில் உட்கார வேண்டும். மேலே சுடும், மணலைக் கையால் தோண்டினால் அடியில் ஜில்லென்று வரும்.

டிகிரி எல்லாம் எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் குளிர்ந்தால் "ரங்கா" என்பார்கள். முதல் படியிலிருந்து தலை முழுகும் வரை எத்தனை ரங்கா வருகிறது என்று கேட்டுக்கொள்வேன். சித்திரையில் பெருமாளை யாரும் கூப்பிடுவதில்லை. ஆடியில் ஒன்று. ஐப்பசி மழையில் மூன்று. நீச்சல் கிளாஸ் போகிற பெண் ஒருத்தி எத்தனை டிகிரி என்று கேட்டபோது, இரண்டு ரங்கா என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினாள். ஏறி வரும்போது, "மூணு, பாட்டி" என்றாள்.

3. சம்பந்திகள்

கோமளா மாமி ஸ்ரீரங்கம். அவர் பெண்ணைக் கொடுத்திருக்கும் வீடு திருச்சி கே.கே. நகர். அந்த வீட்டு மாமியார் ருக்மிணி மாமி. ஒரு விசேஷத்தில் ருக்மிணி மாமி எல்லோர் முன்னாலும், காவிரிக்கரையிலேயே இருந்துகொண்டு பாத்ரூமில் குளிக்கிறவர்களும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். கோமளா மாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த ஐப்பசி முழுக்கத் தினமும் காவிரியில் தலை முழுகுகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டார். தவறினால் பேச்சைக் கேட்கப் போவது அங்கே வாழ்கிற அவர் பெண்.

தவறினது முதல் நாளே. மாமிக்குக் குளிரும் பயம், இழுப்பும் பயம். ஒரு படி இறங்கி, மூன்று விரலால் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு ஏறிவிடுவார். பிறகு என் அறையில் பக்கெட் தண்ணீரில் கூந்தலை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ருக்மிணி மாமி லேசுப்பட்டவரா? என் செல் நம்பரை எப்படியோ பிடித்து, தினம் காலையில் கூப்பிடுவார். முழுகினாளா என்று கேட்பார். எனக்குப் பொய் சொல்ல வராது. காட்டிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

"தலை ஈரமாத்தான் போனாங்க மாமி" என்பேன். மாதம் முழுக்க இந்த ஒரு வரியை வைத்தே ஓட்டினேன்.

ஐப்பசி கடைசி நாள் ருக்மிணி மாமி நேரிலேயே ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். கோமளா மாமியின் முகம் செத்துப் போயிற்று. படித்துறைக்கு வந்து பார்த்தால், வெள்ளம். குறுக்கே கயிறு கட்டி, இறங்காதீர்கள் என்று போலீஸ்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கோமளா மாமிக்கு உயிர் வந்தது. அதை மறைத்துக்கொண்டு, "கடைசி நாள் பார்த்து இப்படி ஆயிடுத்தே, கொடுத்து வைக்கலை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதனால என்ன? நாளைக்கு முடவன் முழுக்கு இருக்கே. நானும் தங்கிடறேன்" என்றார் ருக்மிணி மாமி.

ஐப்பசிக்குள் காவிரிக்கு வந்து சேர முடியாத முடவனுக்காக, கார்த்திகை முதல் தேதி முழுகினாலும் அதே புண்ணியம் என்று வைத்திருக்கிறார்கள். கோமளா மாமி என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்தார்.

"செல்லம், நாளைக்கும் கயிறு இருக்குமோல்லியோ?"

மறுநாளும் கயிறு இருந்தது. ஆனால் ஆற்றில் இறங்க முடியாதவர்களுக்காக மேல்படியில் டேங்க் வைத்து ஷவர் பைப்பும் போட்டிருந்தார்கள்.

பைப்புக்கு முன்னால் சம்பந்திகள் நின்றார்கள். நீங்கள் முதலில், நீங்கள்தான் மூத்தவர் என்று ஒருவருக்கொருவர் மரியாதை. பின்னால் வரிசையில் நின்ற பூக்கார அம்மா, மரியாதையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் எப்படி இருக்கிறதாம்.

நான் தொட்டே பார்க்கவில்லை. இத்தனை வருஷம் இருக்கிறோம் என்கிற தைரியத்தில், "டேங்குத் தண்ணிதானுங்க, ஒரு ரங்காதான் வரும்" என்றேன். ராத்திரி பெய்த மழையெல்லாம் மூடாத அந்த டேங்கில் நிறைந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பூக்கார அம்மா எட்டித் திருகிவிட்டாள். ருக்மிணி மாமி ரங்கனையே மறந்து "அம்மாடி" என்று அலறிக்கொண்டு ஒரே தாவலில் வெளியே வந்துவிட்டார். கோமளா மாமி அசையவில்லை. பைப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். பயத்தில் விறைத்துப் போனார் என்பது எனக்குத் தெரியும். ருக்மிணி மாமிக்கு அது பக்தியாகத் தெரிந்தது. தண்ணீரை மூடிவிட்டு, விரல் விரலாகப் பிரித்து நான்தான் மாமியை அறைக்கு அழைத்து வந்தேன்.

"எப்படி மாமி இப்படி நின்னேள்? உங்களைப் போய் நான் சந்தேகப்பட்டேனே" என்றார் ருக்மிணி மாமி.

கோமளா மாமிக்குப் பல் தந்தி அடித்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையில் ஹேர்பின் தேட ஆரம்பித்தேன்.

"ப...ழ...கிடுத்து" என்றார் மாமி.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. அடுத்த ஐப்பசியில் ருக்மிணி மாமி துண்டும் சொம்புமாக முதல் நாளே வந்துவிட்டார், சம்பந்தியிடம் முழுகப் பழகிக்கொள்ள வேண்டுமாம். வேறு வழியில்லாமல் கோமளா மாமி அன்றிலிருந்து நிஜமாகவே தினம் முழுகுகிறார். சம்பந்தி முன்னால் வாயைத் திறப்பதில்லை. என் அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அடக்கி வைத்த மூன்று ரங்காவையும் சேர்த்துச் சொல்வார். மருமகளை ருக்மிணி மாமி இப்போது தாங்குகிறாராம்.

அதனால் புதிதாக வரும் பெண்ணே, தண்ணீர் எப்படி என்று கேட்டால் வாயைத் திறக்காதே. துண்டை வாங்கிக்கொண்டு நில், அவர்களே இறங்குவார்கள். தாழ்ப்பாளுக்கு மாதம் ஒரு தரம் எண்ணெய் விடு. அந்த அறையில் கேட்பது அந்த அறையோடு.

கோமளா, ருக்மிணி என்பதெல்லாம் நான் மாற்றி வைத்த பெயர். எங்கே கண்ணு, நீ எழுதினதை முதலிலிருந்து படி. எங்கேயாவது நிஜப் பெயர் விழுந்துவிட்டதா பார்ப்போம்.