ஜெசிந்தா எண்ட பேர் ஆருக்கு?

சண்டை விலக்கப் போய் ரெண்டு பக்கத்தாலையும் பேச்சு வாங்கின ஆக்களுக்கு என்ரை தொழில் உடனை விளங்கும்: ஒரே இணைய முகவரிக்கு ரெண்டு பேர் சொந்தம் கொண்டாடினால், நடுவிலை இருந்து தீர்ப்புச் சொல்லுறது. நல்லூரிலை ஒரு சின்ன அறை, மூண்டு கதிரை. அவ்வளவுதான் கோர்ட்.

அண்டைக்கு வந்தது குருநகர் வழக்கு. ஜெசிந்தா கருவாடு போட்டு வெளிநாட்டுக்கு விக்கிறவா. அவாவின்ரை மனுசன் தன்ரை வள்ளத்துக்கு அவாவின்ரை பேரைத்தான் வைச்சவர். அவர் காலமான பிறகு வள்ளத்தை அவற்றை தம்பிக்காரன் அன்ரன் ஜெசிந்தாவிட்டை வாங்கினார். வாங்கினவர் சும்மா இருக்காமல் ‘ஜெசிந்தா’ எண்ட முகவரியையும் பதிஞ்சு வள்ளத்தின்ரை படத்தைப் போட்டிட்டார். கருவாடு தேடிப் போறவைக்கு வள்ளம்தான் தெரியுது. ஜெசிந்தாவுக்கு ஓடர் நிண்டுபோச்சு. வீட்டிலை அடுப்பு எரியிறதே அந்தக் கருவாட்டாலைதான்.

ஓம் எண்டு அமத்தினது

தன்னைக் கேக்காமல் ஆர் என்னை நடுவராக்கினது எண்டு அன்ரனுக்குக் கோபம். முகவரி பதியேக்கையே, சண்டை வந்தால் நடுவரிட்டைப் போறன் எண்டு அவர் ஒத்துக்கொண்ட இடத்தைக் காட்டினன். உதையெல்லாம் நீங்களோ நானோ வாசிக்கிறமே? அன்ரன் போனை இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பாத்திட்டுச் சொன்னார்:

“எல்லாத்துக்கும் ஓம் எண்டு அமத்தினாத்தானை ஐயா அடுத்த பக்கம் வரும்.”

நடுவர் சாப்பிட்ட கருவாடு

அமத்தின சம்மதத்தை நான் நம்பிறேல்லை. முகத்துக்கு நேரை ரெண்டு பேரையும் திரும்பக் கேட்டன். ஓம் எண்டினம். அதோடை விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தோடை தொடுசல் இருந்தால் முதலே சொல்லோணும் எண்டது எங்கடை தொழில் நியாயம். எங்கடை வீட்டிலை சமைக்கிறது ஜெசிந்தாவின்ரை கருவாடுதான் எண்டு சொல்லிப்போட்டு, வழக்குப் போச்சு எண்டு கதிரையிலை சாஞ்சன். அன்ரன் சிரிச்சார்.

“பறவாயில்லை ஐயா, உந்தக் கருவாட்டுக்கு மீன் பிடிச்சது நான்தான்.”

ரெண்டாம் சம்மதம்

வள்ளத்தோடை பேரும் சேந்துதான் வந்தது எண்டது அன்ரன்ரை வாதம். வள்ளத்திலை பேர் இருக்கட்டும், ஆனால் கருவாட்டுக்கு வாற சனத்தை வழி மறிக்கிறது நியாயமில்லை, முகவரி ஜெசிந்தாவுக்கு எண்டு தீர்ப்புச் சொன்னன். அன்ரன்ரை முகம் சுருங்கிச்சு, ஆனால் மறுக்கேல்லை.

பிறகுதான் எனக்கு உறைச்சது. வள்ளத்திலை பேர் இருக்கட்டும் எண்டு சொல்ல நான் ஆர்? அது அவாவின்ரை பேரெல்லோ. உங்களுக்குச் சம்மதமோ எண்டு ஜெசிந்தாவைக் கேட்டன். அவாவுக்குக் கண் கலங்கிப்போச்சு. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

“கலியாணத்தண்டு மாதா கோயிலிலை சுவாமியார் ‘சம்மதமோ’ எண்டு கேட்டவர். அதுக்குப் பிறகு நீங்கள்தான் ஐயா கேட்டிருக்கிறியள். பேர் வள்ளத்திலை கிடக்கட்டும்.”

அண்டையிலையிருந்து நானும் வீட்டிலை மனுசியின்ரை சம்மதத்தைக் கேட்டுத்தான் எதையும் செய்யிறன். அவா, ‘கனக்கக் கேக்காமல் கருவாட்டைக் கழுவுங்கோ’ எண்டுறா.