கடலை காயும் சத்திரக் கூரை

ஏப்ரல் 5, சனிக்கிழமை, காலை 5.40. மாதவரம் பேருந்து நிலையத்தில் நான், ஈரம் அளக்கும் கருவி ஒன்று, படிவம் ஒன்று. பழங்கட்டடப் பாதுகாப்பில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். ஊத்துக்கோட்டையிலிருந்து ஏழு கிலோமீட்டரில் உள்ள ஒரு செங்கல் சத்திரம் என் பொறுப்பு. அதன் நிலை அறிக்கை திங்கட்கிழமை அதற்குப் பொறுப்பான அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

புகைப்படங்களைப் பார்த்தே பாதியை எழுதிவிட்டேன்: ‘கூரையில் வேர்க்கடலை காயவைக்கிறார்கள். ஆக்கிரமிப்பு. அகற்றிப் பூட்டவும்.’

பேருந்து 45 ரூபாய், 7.15க்கு ஊத்துக்கோட்டையில் இறங்கினேன். ஷேர் ஆட்டோ 20 ரூபாய்தான். ஆனால் எட்டுப் பேர் சேரும்வரை 35 நிமிடம் நகரவில்லை. கத்திப் பார்த்தேன். “இன்னா சார் அவசரம்? சத்திரம் இன்னா ஓடியா போவுது?” என்றார் ஓட்டுநர்.

சத்திரத்தின் மேற்குப் பாதியை எப்போதோ அலுவலகம் பூட்டியிருக்கிறது. கிழக்குப் பாதியை ஊர் புழங்குகிறது. போன வாரம் கோடை மழை. மேற்குச் சுவர் ஊறிக் கிடந்தது, கிழக்கு உலர்ந்திருந்தது. ஒரே செங்கல், ஒரே சுண்ணாம்பு. கருவி கெட்டுவிட்டதென்று மூன்று முறை அளந்தேன். கெடவில்லை.

மேலே ஏறினேன். என் வயதுப் பெண் ஒருவர் கடலையைப் பரப்பிக்கொண்டிருந்தார். பெயர் வசந்தா, கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, அன்று விடுமுறை.

“போட்டோ புடிச்சிக்கினு போயி இத்தையும் பூட்டத்தானே வந்துக்கிற?”

இந்தக் கூரை போனால் அவர்கள் தெருவுக்கே கடலை காயவைக்க வேறு தளம் இல்லையாம். மேற்குக் கூரையில் அரசங்கன்றுகள் வேர்விட்டு, சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி நின்றது. இந்தப் பக்கம் ஒரு முளைகூட இல்லை. யார் பிடுங்குகிறார்கள் என்று கேட்டேன்.

“நாங்கதான். தண்ணி நின்னா கடலை பூசணம் பூத்துடும். பின்ன, நீ வந்து புடுங்குவியா?”

வடகிழக்கு மூலையில் விரிசல் இருக்கிறது, அங்கே மூட்டைகளைக் குவிக்க வேண்டாம் என்றேன். நகர்த்துவதென்றால் நீயும் ஒரு கை பிடி என்றார். ஏழு மூட்டை. முதுகு போனது, மனசு நன்றாக இருந்தது.

போகிறவர்களுக்கு: பதினொன்றுக்குள் கூரை வேலையை முடியுங்கள், பிறகு கால் வைக்க முடியாது. தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. அறிக்கையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. ‘ஆக்கிரமிப்பு’ வரியை அடிப்பது. ‘பயன்பாடு, தொடர வேண்டும்’ என்று எழுதுவது.
2. இரு சுவர்களின் ஈர அளவுகளையும் பக்கம் பக்கமாக இணைப்பது.
3. அரசங்கன்றுகளைப் பிடுங்க, மேற்குப் பாதியின் சாவி கேட்டு மனு கொடுப்பது.
4. படிவத்தில் ‘சேதப்படுத்துவோர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ‘பராமரிப்போர்’ என்று இல்லை. அதைக் கையால் வரைந்து, வசந்தாவையும் அவர் தெருவையும் எழுதுவது.