வயிற்று வலி காரணமாக

என் வாழ்க்கையில் நான் அதிகம் எழுதிய சொற்கள் "வயிற்று வலி காரணமாக" என்பவைதான். படிக்கும்போது விடுப்புக் கடிதத்தில் எழுதினேன். பிறகு மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அங்கேயும் மாதம் தவறாமல் எழுதினேன். மாதவிடாய் என்று எழுதும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். அப்பா காதில் விழ வேண்டுமென்றால் வயித்து வலி, அண்ணனிடம் சொன்னாலும் வயித்து வலி. கேட்பவருக்குப் புரிந்துவிடும், சொல்பவளும் கூச்சத்திலிருந்து தப்பிவிடலாம்.

அந்தச் சொல்லை நாங்கள் டாக்டரிடமும் கொண்டுபோனோம். அங்கேதான் வினை.

எனக்கு அந்த நாட்களில் வலியோடு வயிறும் உப்பிக்கொள்ளும். நாலைந்து முறை கழிவறைக்கு ஓட வேண்டும். மாதவிடாய் வலி எல்லாப் பெண்களுக்கும் உள்ளது, அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும்; வயிறு கெடுவது தின்றதால் வருவது, அதற்குத்தான் வைத்தியம் என்று அம்மாவும் நானும் பிரித்து வைத்திருந்தோம். மந்தைவெளியில் எங்கள் தெருமுனை டாக்டர் வயதானவர், நல்ல மனிதர். "வயித்து வலி டாக்டர்" என்றாள் அம்மா. "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். "ரெண்டும்தான்" என்றேன். மாத்திரை எழுதிக்கொடுத்து, காரம் வேண்டாம், வாயுப் பண்டம் வேண்டாம் என்று அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொன்ன வலிக்கு அவர் மருந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து என் தட்டு காலியாக ஆரம்பித்தது. முதலில் உருளைக்கிழங்கு போனது. அடுத்த மாதமும் வலி வந்ததால் பருப்பு போனது. பிறகு கடலை, முட்டை, கத்திரிக்காய். "மீன் சூடு" என்று யாரோ சொல்ல மீனும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் மீன் குழம்பு இல்லாமல் எங்கள் வீட்டில் ஞாயிறே இல்லை. எல்லோரும் குழம்பை ஊற்றிப் பிசைய, நான் மட்டும் ரசம் சோற்றை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ரசமும் மோரும் ரொட்டியும்தான் மிச்சம். துணியெல்லாம் தொளதொளவென்று ஆனது. வலி மட்டும் குறையவே இல்லை.

வலி வந்தால் அம்மா விசாரணையை ஆரம்பிப்பாள்.

"வெளியில எதையோ சாப்ட்டுட்டு வந்திருக்கே. உண்மைய சொல்லு."

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"ஒண்ணும் சாப்பிடாமலா இப்படிச் சுருண்டு கெடக்குறே?"

ஒரு தடவை, விட்டால் போதும் என்று, கடற்கரையில் சுண்டல் தின்றதாக ஒப்புக்கொண்டேன். தின்னவே இல்லை. அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்டதே! எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. அதைவிடக் கொடுமை, நாள் போகப் போக என் வாய்தான் இத்தனைக்கும் காரணம் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

பொதுத்தேர்வு முடிந்த சமயம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். என் விடுப்புக் கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார்.

"டீச்சர், மாசாமாசம் ரெண்டு நாள் வயித்து வலின்னா எப்படி? வெளியில சாப்பிடறதை நிறுத்துங்க. வர்ற வருஷம் பத்தாவது வேணாம், ஆறாவது எடுத்துக்குங்க."

 பத்தாம் வகுப்புக் கணக்குதான் என் உயிர். கணக்கு என்றாலே அழுகிற பெண்களை உட்கார வைத்து, தேர்வுக்குள் அவர்கள் பயத்தை விரட்டுவது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதைப் பிடுங்க விடக் கூடாது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தேன். கோப்பை விடுமுறை முடியும்வரை தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் கடிதங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் உள்ள இடைவெளியை எழுதினேன். இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. கூட்டுத் தொடர்வரிசையும் அதன் பொது வித்தியாசமும் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவள் நான். என் கடிதங்களிலேயே அது இருந்தது எனக்குத் தெரியவில்லை. சுண்டல் தின்று வருகிற வலிக்கு நாட்காட்டி எதற்கு? வயிறு கெடுவதும் மாதவிடாய் வலியும் வேறு வேறு இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அடையாறில் ஒரு பெண் டாக்டரிடம் தனியாகப் போனேன். பழக்க தோஷத்தில் அங்கேயும் "வயித்து வலி" என்றுதான் ஆரம்பித்தேன். "எங்கன்னு கையை வைச்சுக் காட்டுங்க" என்றார். வைத்தேன். "இது வயிறு இல்லம்மா. இன்னும் கீழ."

ஸ்கேன் எடுத்துவிட்டு வலியின் பெயரைச் சொன்னார். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருப்பதைப் போன்ற சவ்வு வெளியிலும் வளர்ந்து குடல் பக்கம் ஒட்டியிருக்கிறது, அதனால்தான் அந்த நாட்களில் குடலும் சேர்ந்து படுத்துகிறது என்றார். தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். நான் கேட்ட முதல் கேள்வி, "இனிமே எதைச் சாப்பிடக் கூடாது?"

அவர் என் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தார். "முதல்ல சாப்பிடுங்க. இது சாப்பாட்டால வந்ததில்ல. சாப்பாட்டாலயே போயிடும்னும் சொல்ல மாட்டேன். சிலருக்கு சிலது ஒத்துக்காது, சிலருக்கு மீன், கீரை, பயறு நல்லாருக்கும். உங்களுக்கு எதுன்னு நீங்கதான் ஒண்ணொண்ணா சேர்த்துப் பார்க்கணும்."

ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. வாரத்துக்கு ஒரு பண்டம் என்று ஒரு நோட்டுப் போட்டேன். முதல் வாரம் மீன். பட்டினப்பாக்கத்தில் மீன்கார அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சரு, இவ்ளோ நாளா ஆளே காணோம்? இன்னா இப்படி எளச்சிக்கீறே?" என்றார். நல்ல சின்ன மீனாகக் கேட்டேன். "கவல கீது, எடுத்துக்கினு போ" என்றார். கவலை என்றே அந்த மீனுக்குப் பெயர். இருந்த கவலை போதாதென்று அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அடுப்படியில் வழியை மறித்தாள். "வயித்து வலிக்காரிக்கு மீனா?"

"அம்மா, இது வயித்து வலி இல்ல. கர்ப்பப்பை வலி. மாதவிடாய் வலி." கூடத்தில் அப்பா இருந்தார். தெரிந்தேதான் சத்தமாகச் சொன்னேன். செய்தித்தாள் ஒரு தடவை மேலே எழும்பி அவர் முகத்தை மறைத்தது.  அம்மா அரிவாள்மணையை இழுத்துப் போட்டு மீனை ஆய உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். வெட்கமே இல்லை.

மீன் ஒத்துக்கொண்டது. பருப்பும் கீரையும் முட்டையும் ஒத்துக்கொண்டன. பரோட்டா தின்றால் அந்த நாட்களில் வயிறு பானையாகிவிடும். பால் காபியும் அப்படியே. அதை விடுவதற்குத்தான் கண்ணீர் வந்தது. இதெல்லாம் என் உடம்பின் கணக்கு, இன்னொருத்திக்கு விடை வேறாக வரலாம். ஒரு மாதம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலி வந்து என்னைச் சுருட்டிப் போட்டது. நோட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். அம்மா அதைப் பொறுக்கி எடுத்து வந்தாள். என்ன சாப்பிட்டே என்று கேட்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "எங்க வலிக்குது?" என்று கேட்டாள். என் கையை அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன், கொஞ்சம் அழுதேன். மறுநாள் மறுபடி எழுதத் தொடங்கினேன்.

பள்ளி திறப்பதற்கு முன் கோப்பையும் டாக்டர் சீட்டையும் தலைமையாசிரியை மேசையில் வைத்தேன். "எனக்கு பத்தாவதுதான் வேணும் மேடம். வைத்தியம் பார்க்கறேன். லீவு குறையும், ஆனா இல்லாமப் போகாது." அவர் நெடுநேரம் படித்தார். "காலாண்டு வரைக்கும் பார்ப்போம்" என்றார். "லீவு லெட்டர்ல மட்டும் வயித்து வலின்னே போடுங்க. ஆபீஸ்ல ஆம்பளைங்க இருக்காங்க."

ஜூலையில் விடுப்பே எடுக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் முடியவில்லை. மறுநாள் கடிதம் எழுத உட்கார்ந்தபோது கை தானாக "வயிற்று" என்று எழுதிவிட்டது. இத்தனை வருஷம் அந்த ஒரு சொல் என் சோற்றைத் தின்றது போதும். தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். பத்தாம் வகுப்பு கையை விட்டுப் போனாலும் போகட்டும் என்று நோயின் பெயரையே எழுதினேன்.

அலுவலக எழுத்தர் கடிதத்தை வாங்கிப் பதிவேட்டைத் திறந்தார். படித்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். உள்ளறையிலிருந்து தலைமையாசிரியை எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? பேரே வாயில நுழையல. எப்படி எழுதறது?" என்றார் எழுத்தர்.

"எழுதிக்குங்க சார்" என்றேன். உள்ளறைக்கும் கேட்கும்படி, கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

மணி அடித்தது. முதல் பாடவேளை, பத்தாம் வகுப்பு. "போங்க டீச்சர், பொண்ணுங்க காத்திருக்காங்க" என்றார் தலைமையாசிரியை.