சனிக்கிழமை சாசேஜ்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியதிலிருந்து நான்கு நாளாக அப்பா ஒரு வாய் சாப்பிடவில்லை. தாளிக்கிற வாசனை பட்டாலே ஓங்கரித்தார். கஞ்சி, இட்லி, ரசம் எல்லாம் தட்டிலேயே காய்ந்தன. அன்று மதியம் அவராகவே, "அந்த சிக்கன் சாசேஜ் இருந்தா துன்றேன்மா, மெத்துனு இருக்கும்" என்றார்.

திருப்பதி பூராவும் அலைந்து ஒரு பாக்கெட் வாங்கினேன். எண்ணெய் வாசனை வரக் கூடாதே என்று, ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்கிற தோழியிடம் ஏர் ஃப்ரையரை இரவல் கேட்டுத் தூக்கி வந்தேன். வெடிக்காமலிருக்க முள்கரண்டியால் குத்தி உள்ளே வைத்தேன். பத்து நிமிஷத்தில் சிவந்து வந்தன.

அப்பா ஒரு துண்டை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "இன்னிக்கு இன்னா கெழமை?"

ஆஸ்பத்திரி அலைச்சலில் கிழமையை மறந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெருமாளுக்காக அவர் சனிக்கிழமையில் கறியைத் தொட்டதே இல்லை.

"புதன், நைனா" என்றேன், கூசாமல்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் சனிக்கிழமை பஜனை ஆரம்பித்தது. "கோவிந்தா! கோவிந்தா!"

அவர் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"அவரா வந்து உனக்கு ஊட்டப் போறாரு?" என்று கத்தினேன்.

"நாளைக்கித் துன்றேன்மா."

நாளைக்கு அவரால் விழுங்க முடியுமா என்று யாரைக் கேட்பது? தோழிக்கு ஃபோன் போட்டு, ஃப்ரையர் நாளைக்கும் வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.