மரிய செல்வியின் ஒன்பதாம் விதி

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏழாம் நம்பர் கட்டில் காலியாகக் கிடந்தது. போர்வையை நான்காக மடித்து வைத்திருந்தது. ஆஸ்பத்திரி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவரில் பிளக்கோடு ஒரு செல்போன் சார்ஜர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாஃப் நர்ஸ் மரிய செல்வி வார்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பாத்ரூமில் பார்த்தாள், மொட்டை மாடியில் பார்த்தாள், வாசல் டீக்கடை வரை போய்ப் பார்த்தாள். பிரகதாம்பாளைக் காணவில்லை.

இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க வேண்டியவள் பிரகதாம்பாள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் பக்கத்து ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் அது. பதினாறு நாள் முடிந்திருந்தது. கர்ப்பப்பை வாயில் புற்று, ஆனால் பரவவில்லை. ஒழுங்காக முடித்தால் பிழைத்துக்கொள்வாள், நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் நான் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் வெற்றிசெல்வன் முதல் நாளே சொல்லியிருந்தார். நாற்பத்து நான்கு வயது. ஆலங்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை.

முந்தின நாள் சாயங்காலம் அவள் வந்து நின்றது மரிய செல்விக்கு நினைவுக்கு வந்தது.

"சிஸ்டர், நாளைக்கு ஊருக்குப் போகணுங்க."

"போனா போனதுதான். திரும்பி வந்தா கட்டில் இருக்காது, கரண்டும் கிடையாது. தெரியுமில்ல?"

பிரகதாம்பாள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஏன் என்று அவள் சொல்லவும் இல்லை, மரிய செல்வி கேட்கவும் இல்லை.

மரிய செல்வியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆவூர்ப் பக்கம் பிறந்தவள். அப்பா சவரிநாதன் பள்ளிக்கூட வாத்தியார். மகள் பேசுவதும் வாத்தியார் மாதிரிதான் இருக்கும், எதிரே நிற்பவர் டாக்டராக இருந்தாலும். புதுக்கோட்டைக்கு வெளியே ரோட்டோரமாக இருக்கும் அந்த அறக்கட்டளை மருத்துவமனையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடிகிறவரை தானும் தூங்கமாட்டாள், மற்றவரையும் தூங்கவிடமாட்டாள். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் இந்தக் கதையில் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வெற்றிசெல்வன் வெளிநாட்டுச் சிகிச்சை முறைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். செங்கல் கனம். இந்தப் புற்றுக்கு இந்த ஸ்கேன், அந்தப் புற்றுக்கு அந்த மருந்து என்று அதில் எல்லாம் இருந்தது. அந்த ஸ்கேனும் அந்த மருந்தும்தான் இங்கே இல்லை. இருப்பது ஒரு பழைய கதிர்வீச்சு இயந்திரம், இருபது கட்டில், நாலு நர்ஸ். "இது கிடைக்காத இடத்துல என்ன செய்யலாம்னு நாமளே ஒண்ணு எழுதுவோம்" என்றார். இருவரும் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினார்கள். ஸ்கேன் இல்லாவிட்டால் எந்தப் பரிசோதனை போதும், விலை கூடிய மருந்துக்குப் பதில் எது பரவாயில்லை என்று பன்னிரண்டு விதிகள். பதினொன்று டாக்டருடையவை. ஒன்பதாவது மட்டும் மரிய செல்வியுடையது.

பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர்கள் கரண்ட் முடிகிறவரை ஆஸ்பத்திரியிலேயே தங்கியாக வேண்டும். கட்டிலும் சாப்பாடும் இலவசம். தங்க மறுப்பவர்களுக்குச் சிகிச்சை தொடரப்படாது. இதுதான் ஒன்பதாம் விதி. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. விராலிமலைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து சிவசாமி என்ற தொண்டைப் புற்றுக்காரர் தினம் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் பஸ் தவறியது, இரண்டு நாள் தவறியது, அப்புறம் வருவதே நின்றது. ஆறு மாதத்தில் செத்துப்போனார். மரிய செல்வி அன்றைக்கு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பஸ்ஸை நம்பி இனி ஒரு உயிரை விடக்கூடாது என்று முடிவு கட்டினாள். விதியைத் தானே பெரிய எழுத்தில் எழுதி வாசல் போர்டில் ஒட்டினாள்.

பலன் இல்லாமல் இல்லை. பாதியில் நின்றுபோகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வெளியூர் டாக்டர்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். இருந்தும் வருஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போவது நிற்கவில்லை. அவர்களுக்கென்று ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் உண்டு. காரணம் என்று போட்ட அந்தக் கட்டத்தில் மரிய செல்வி ஒவ்வொரு தடவையும் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவாள். எழுதும்போது கோபமாக வரும். இலவசமாகக் கொடுத்தால் இவர்களுக்கு அருமை தெரியாது என்று முணுமுணுப்பாள்.

பிரகதாம்பாளின் போன் சுவிட்ச் ஆஃப் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. புதன், வியாழன், வெள்ளி போனது. சனி, ஞாயிறு இயந்திரத்துக்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மரிய செல்வி அந்தச் சார்ஜரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஆலங்குடியில் இறங்கி மினி பஸ் பிடித்தாள். போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, கையைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையை நாற்பதாக்கிக்கொண்டே போனாள்.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. மாரியம்மன் கோயிலில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் ஒளிந்துகொண்டெல்லாம் இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், சிஸ்டரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து ஓடி வந்தாள். அவள் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு புதுசாக இருந்தது.

"வாங்க சிஸ்டர், வாங்க! ஏங்க, இங்கிட்டு வாங்க, ஆஸ்பத்திரி சிஸ்டர் வந்திருக்காக!" என்று வீட்டுக்குள் பார்த்துப் புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்.

"சிரிப்பு வேறயா ஒனக்கு? இன்னும் ஒம்போது நாள் இருக்கு. செத்துப்போவ, தெரியுமா?"

பிரகதாம்பாளின் சிரிப்பு அடங்கியது. புருஷன் கண்ணுசாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"காப்புக் கட்டிட்டாகளே சிஸ்டர். இந்த வருசம் எங்க வீட்டுலயும் முளைப்பாரி போட்டிருக்கு. வீட்டுப் பொம்பளை இல்லாம எப்படி? காப்புக் கட்டின பெறகு அவுக்கிற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. பதினஞ்சு நாளு" என்றாள் பிரகதாம்பாள்.

"பதினஞ்சு நாள் கரண்ட் நின்னா வைத்தியமே வீணு. ஊர் எல்லையைத் தாண்டவே கூடாதா?"

"யாரு சொன்னா? பகல்ல எங்கிட்டு வேணாலும் போலாம். பொழுது சாய வந்து படுத்துக்கணும், அம்புட்டுத்தான். வியாழக்கிழமைகூட நானும் இவுகளும் வளையல், துணி எடுக்கப் புதுக்கோட்டை வந்தோமே. காலைல ஒங்க ஆஸ்பத்திரி வாசல்லதான் பஸ்ஸு கொஞ்ச நேரம் நின்னுச்சு."

மரிய செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாழக்கிழமை அந்த நேரத்தில் இயந்திரம் சும்மா இருந்தது. பிரகதாம்பாளுக்கென்று ஒதுக்கிய பத்து நிமிஷம்.

"வாசல் வரைக்கும் வந்தியா? உள்ள வந்திருந்தா பத்து நிமிசத்துல வச்சு அனுப்பியிருப்போமே!"

"தங்காதவுகளுக்குக் கரண்ட் கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீக. போர்டுலயும் அப்படித்தானே எழுதியிருக்கு. பஸ்ஸுலருந்து இவுக படிச்சுக்கூடக் காட்டுனாக. இறங்குவமான்னு கேட்டாக. நாந்தான், சிஸ்டர் திட்டுவாக, வேணாம்னேன்."

மரிய செல்வியிடம் அந்த நாற்பது வார்த்தையில் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணுசாமி போட்ட நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். காப்புக் கட்டு என்றால் தெரியாதவளா அவள்? ஆவூரைச் சுற்றி எத்தனை ஊரில் பார்த்திருக்கிறாள். ஈஸ்டருக்கு வருஷம் தவறாமல் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவள்தானே. யாரும் அதற்குக் காரணம் கேட்டதில்லை. ஒத்துழைப்பு இல்லை என்று எழுதியதும் இல்லை.

"மூணு வருசத்துக்கு முன்னாடி மருதாயின்னு ஒருத்தங்க இந்தப் பக்கத்துலருந்து வந்தாங்க, பாதியில போயிட்டாங்க" என்றாள், குரல் தணிந்து.

"மருதாயி அக்காவா? கீழவீடு. அதுவும் காப்புக்குத்தான் வந்துச்சு. அவுத்த மறுநாளே பெட்டியக் கட்டிக்கிட்டு ஒங்ககிட்ட வந்துச்சே. நீங்க ரொம்பத் திட்டிப்புட்டீகளாம். அழுதுக்கிட்டே திரும்பி வந்துருச்சு. பெறகு எங்கிட்டும் போகலை. தையில செத்துப்போச்சு சிஸ்டர். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி அவள் யாரிடமும் கேட்டு வைக்கவும் இல்லை. கைப்பையைத் திறந்து சார்ஜரை எடுத்து நீட்டினாள். "இந்தா, விட்டுட்டு வந்துட்ட. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துரு. வச்சுக்கிட்டு மத்தியானம் திரும்பிரலாம். தங்க வேணாம்."

"நெசமாவா? போர்டுல..."

"போர்டை நான் பாத்துக்கிறேன்மா."

கண்ணுசாமி சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மரிய செல்வி மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ரிஜிஸ்டரையும் பழைய காலண்டர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏழு வருஷத்தில் பத்தொன்பது பேர் ஓடியிருந்தார்கள். பதினாலு பேர் பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடியில். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை, காப்புக் கட்டுகிற கிழமை. சிவசாமியைப் போல இனி ஒருத்தர் சாகக்கூடாது என்று போட்ட விதி. அந்தப் பக்கங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு தாங்கவில்லை.

மறுநாள் வெற்றிசெல்வனிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது எனக்கும் தோணலையே சிஸ்டர்" என்றார். ஒன்பதாம் விதியில் தங்க மறுப்பவர்களைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, சேர்க்கை விண்ணப்பத்தில் முதல் கேள்வியாக, உங்கள் ஊரில் காப்பு எப்போது என்று எழுதிக் கொடுத்தாள். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். விட்டுப்போன நாலு நாளுக்காகக் கூடுதலாக எத்தனை நாள் வைப்பது என்று கணக்குப் போட்டார். அது போதுமா என்று அவள் கேட்டாள். போதும் என்று அவர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார்.

எட்டே முக்காலுக்குப் பிரகதாம்பாள் வந்துவிட்டாள். காப்புக் கயிறோடு இயந்திரத்தின் அடியில் படுத்து எழுந்தாள். "போயிட்டு வாரேன் சிஸ்டர், நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். பத்து நிமிஷம்தான் ஆனது.

அவள் போன பிறகு மரிய செல்வி ரிஜிஸ்டரைத் திறந்து மருதாயியின் பக்கத்துக்கு வந்தாள். காரணம் என்ற கட்டத்தில் "ஒத்துழைப்பு இல்லை" என்று தான் எழுதியிருந்ததை அடித்தாள். பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில், "வாசல் வரை வந்தார். நான் திருப்பி அனுப்பினேன்" என்று எழுதித் தேதி போட்டாள்.