பீரிசோடு வந்த தேத்தண்ணி

இன்று காலை, கனமூலைப் பக்கத்தில் நான் முன்பு படிப்பித்த பாடசாலையில் எனக்குத் தேத்தண்ணி பீரிசோடு வந்தது. ஆசிரியர் ஓய்வறைகளில் கோப்பைக்கு அடியில் வைக்கும் அந்தச் சின்னத் தட்டு, பீரிசு, அதிகாரிகளுக்கு மட்டுந்தான், மற்றவர்களுக்கு வெறுங்கோப்பை. நான் இப்போது பாடம் பார்க்க வரும் அதிகாரியாம். இஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் பரீட்சைக் காலத்துப் பயம் திரும்பி வந்தது.

இதே ஓய்வறையில் வெறுங்கோப்பையில் குடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் கல்வி முதுமாணிப் பட்டம் படிக்கப் போனேன். வார இறுதியில் கொழும்பு பஸ். கலைத்திட்டம், போதனைத் தலைமைத்துவம் என்று விரிவுரைகள். பாதி காதில் ஏறும், மீதி திரும்பி வரும் வழியில் சிலாபத்திலேயே இறங்கிவிடும். அதையெல்லாம் சமாளித்துவிட்டேன். செயன்முறைப் பரீட்சைதான் ஆளைக் கொன்றது. சக ஆசிரியர் ஒருவரின் பாடத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி அவரோடு கதைக்க வேண்டும். விரிவுரையாளர் பக்கத்தில் இருந்து புள்ளி போடுவார். தவறினால் பட்டம் இல்லை, பிள்ளைகளை விட்டுவிட்டு அலைந்ததெல்லாம் வீண்.

கூடப் படிப்பித்த ஷமீமாவிடம், அவளுடைய பாடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். என்னைவிட இளையவள், என்னைத் தாத்தா என்பாள். எங்கள் ஆட்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது, மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். "ஓம் தாத்தா, அதுக்கென்ன" என்றாள்.

பாடத்தை அருமையாகச் செய்தாள். முதலில் பாராட்டு, பிறகுதான் ஆலோசனை என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதன்படியே தொடங்கினேன்.

"ஷமீமா டீச்சர், பாடம் மிச்சம் நல்லா இருந்திச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னைய எங்க மாத்தப் போறாங்க தாத்தா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதிகாரி பிழை பிடித்தால் பயமில்லை, பாராட்டினால் இடமாற்றம் வரும் என்பது எங்கள் ஓய்வறையின் பழைய நம்பிக்கை. பல்கலைக்கழகத்தில் அதை யாரும் படிப்பிக்கவில்லை.

"இனி இன்னொரு இடத்துக்குப் போக எனக்கு ஏலாது தாத்தா" என்று அழத் தொடங்கினாள்.

விரிவுரையாளரின் பேனை நின்றது. பட்டம் போயிற்று என்றே நினைத்தேன். பாடமாக்கியதெல்லாம் மறந்து, எட்டி அவள் கையைப் பிடித்தேன்.

"விசர் புள்ள, ஒருத்தரும் ஒங்கள மாத்தல்ல. ஒங்களவிட எனக்குத்தான் பயம்."

அதைக் கேட்டு அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சீறிக்கொண்டு பாடத்தைப் பற்றிக் கதைத்தோம். எப்படியோ எனக்குப் பாஸ் கிடைத்தது.

இன்று நான் பார்க்கப் போனதும் ஷமீமாவின் பாடந்தான். தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் ஏந்திக்கொண்டு நின்றவளும் அவள்தான். இப்போது என்னை மேடம் என்கிறாள்.

"பாடம் எப்பிடி மேடம்?"

எதைச் சொல்வதென்று எனக்குப் பயமாக இருந்தது. பாடமோ உண்மையிலேயே நல்ல பாடம். "மிச்சம் நல்லா இருந்திச்சு" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. அவசரமாகக் கையை நீட்டினேன், அவள் கையைப் பிடிக்கத்தான்.

அவள் குனிந்து, என் கையில் கோப்பையைப் பீரிசோடு வைத்தாள்.