காற்றுக் கணவாயின் பதினோரு குவியல்கள்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. என் இடது முழங்காலில் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கின்றன. குளிர் வந்தால் அவை வலித்தே சாட்சி சொல்லும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் படித்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டு வராதீர்கள்… என்னிடம் இல்லை.

என் பெயர் லொரென்ஸ். மயோர்கா தீவில், மலை நேராகக் கடலுக்குள் இறங்கும் பக்கத்தில் எங்கள் ஊர். நான் தச்சன். என் மனைவியின் அண்ணன் டாமியா ஆலிவ் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தான். டிசம்பர் பிறந்தால் போதும், இரண்டு பேரும் போட்டது போட்டபடி காற்றுக் கணவாய்க்கு ஏறிவிடுவோம். பூங்குருவி பிடிக்க.

கணவாயில் மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி வெட்டி வைத்திருந்தோம். இரண்டு நீளக் கழிகளில் கட்டிய வலையை விரித்துப் பிடித்து, மூச்சு விடாமல் நிற்க வேண்டும். பொழுது சாயும் அந்த அரை மணி நேரத்தில் குருவிகள் அந்த இடைவெளி வழியாகத்தான் அடையப் போகும். வந்து மோதும். சட்டென்று கழிகளை மடக்க வேண்டும். அவ்வளவுதான். முட்டைக்கோஸ் இலையில் சுற்றி வேகவைத்துத் தின்றவனுக்குத்தான் அந்த ருசி தெரியும்.

அந்த அரை மணி நேரத்தைக் கெடுப்பதற்கென்றே மலை நடைக்காரர்கள் வருவார்கள். கிளி நிறத்தில் சட்டை, இரண்டு கையிலும் தடி, ஓயாத பேச்சு. ஒரு குருவி வராது. எனக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பாதை வெறும் பாறை. வழி காட்டுவது கற்குவியல்கள் மட்டும்தான். முழங்கால் உயரத்துக்குக் கல்மேல் கல் அடுக்கியிருக்கும். கடந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு கல் வைத்துவிட்டுப் போவது எங்கள் மலையின் வழக்கம். கணவாயைத் தாண்டி ஓரிடத்தில் பாதை உள்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் ஆட்டுத் தடம். ஆட்டுத் தடம் போய் முடிவது செங்குத்துப் பாறையில். கீழே கடல்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் டாமியாவும் அந்தக் குவியல்களை உதைத்துத் தள்ளினோம். மொத்தம் பதினொன்று. வழி தெரியாவிட்டால் வர மாட்டார்கள் என்பது எங்கள் கணக்கு. சிரித்துக்கொண்டே செய்தோம். அதை மறைக்கப் போவதில்லை.

புதன்கிழமை கொலோமா டீச்சர் தனியாக நடக்க வந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்தக் குவியல்களில் பாதி அவர் கையால் அடுக்கியவை. அன்று மூடுபனி. சனிக்கிழமை காலை ஒரு மீன்பிடிப் படகு அவரைப் பாறைக்கு அடியில் பார்த்தது. விழுந்தவுடன் சாகவில்லை, இரண்டு இரவு உயிரோடு இருந்திருக்கிறார் என்று மருத்துவர் சொன்னார்.

குவியல்களைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை.

ஒரு வருடம் போனது. டிசம்பர் ஐந்தாம் தேதி மறுபடியும் ஏறினோம். கணவாயை அடைந்தபோது மணி 3:50. வலை விரிக்கும் முன் டாமியா திருப்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“ஒரு குவியல்கூட இல்ல மாப்ள. மலை நம்மளுது.”

4:40க்கு வலை விரித்தோம். வானம் தெளிவாக இருந்தது. 5:15… ஒரு குருவி இல்லை. 5:25… கீழே ஆலிவ் தோப்பில்கூடச் சத்தமில்லை. இருபத்தைந்து வருட வேட்டையில் நான் அப்படி ஒரு மாலையைப் பார்த்ததில்லை.

5:31க்கு வலையில் ஏதோ மோதியது.

குருவி இல்லை. ஆள் கனம். கழிகள் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயின. நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்து பார்த்தால் வலை வெறுமையாகத் தரையில் கிடந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“ஆடு ஏதாவது பாஞ்சிருக்கும்” என்றான் டாமியா.

“ஆடு நனைஞ்சா இருக்கும் மச்சான்?”

“சும்மா தொணதொணன்னு பேசாத. சுருட்டு.”

சுருட்டி முடிப்பதற்குள் பனி வந்துவிட்டது. கடலிலிருந்து வெள்ளையாக ஏறி வந்தது. டார்ச் அடித்தால் வெள்ளைச் சுவர். என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நான் பிறந்து வளர்ந்த மலை, திசை தெரியவில்லை.

“இங்கயே உக்காரலாம். பனி விலகட்டும்” என்றேன்.

“பயந்துட்டியா? எந்தங்கச்சி உன்னைக் கட்டினதுக்குப் பதிலா ஒரு கோழியக் கட்டியிருக்கலாம்.”

சொல்லிக்கொண்டே நடந்தவன் நின்றான்.

“அட… இங்க பாரு.”

ஒரு கற்குவியல். முழங்கால் உயரம்.

“நல்லதாப் போச்சு. இதைப் புடிச்சுக்கிட்டே போயிரலாம்” என்றான்.

“நாலு மணிக்கு ஒண்ணுகூட இல்லன்னு சொன்னியே?”

“பார்க்காம விட்டிருப்பேன். வா.”

இரண்டாவது குவியல். மூன்றாவது. நான்காவதில் கை வைத்தேன். மேல் கல் உருண்டையாக, வழுவழுப்பாக இருந்தது. எங்கள் மலைக் கல் கத்தி போல வெட்டும். இது கடற்கரைக் கூழாங்கல். ஈரம். விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

“மச்சான்… இது கீழ இருந்து வந்த கல்லு.”

பத்தடி முன்னால் அவன் பூட்ஸ் சத்தம் மட்டும்.

அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் கேட்டது.

டக்…

டக்…

கல்மேல் கல் வைக்கும் சத்தம். எங்களுக்கு முன்னால். கொஞ்ச தூரத்தில். நாங்கள் நடக்க நடக்க அதுவும் முன்னால் போனது.

“யாரோ இருக்காங்க” என்றேன்.

“யாரது?” என்று டாமியா கத்தினான்.

சத்தம் நின்றது.

ஏழு. எட்டு. ஒன்பது.

காலுக்குக் கீழே சரளை. சரளை எங்கள் பாதையில் கிடையாது…

பத்து.

“மச்சான், நில்லு!”

“பதினொண்ணு இதோ தெரியுது மா…”

அவ்வளவுதான். அவன் பூட்ஸ் சத்தம் நின்றது. சரளை சரிந்தது. அவனைப் பிடிக்க ஓடினேன். என் காலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை.

மணி 6:04. நான் விழுந்தது பாறையில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டில். முழங்கால் நொறுங்கியிருந்தது. டாமியா எனக்கும் கீழே, பத்துப் பதினைந்து மீட்டரில், வேறொரு திட்டில். இரண்டு காலும் போய்விட்டது என்று கத்தினான். கைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது.

8:30 மணிக்கு விசில் கேட்டது. மீட்புப் படை! என் மனைவி சொல்லி வந்திருப்பார்கள். பனி விலகியிருந்தது, தூரத்தில் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. தொண்டை கிழியக் கத்தினோம்.

விளக்குகள் எதிர்த் திசையில் இறங்கின. ஊர்ப் பக்கப் பள்ளத்தாக்குக்கு.

“ஏன்டா அங்க போறானுங்க…” என்று டாமியா அழுதான். அவன் அழுது நான் அன்றுதான் கேட்டேன்.

நள்ளிரவு தாண்டி அவனே பேசினான்.

“மாப்ள… அந்த டீச்சர் விஷயத்துல நாம சொன்னது…”

“சொன்னது நீ.”

“தலையாட்டினது யாரு?”

நான்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது. டீச்சர் காணாமல் போன அந்தப் புதன்கிழமை இரவு மீட்புப் படை எங்களிடம்தான் முதலில் வந்து கேட்டது. குவியல்களைத் தள்ளியது தெரிந்தால் வேட்டை உரிமம் போய்விடும். அந்தப் பக்கம் யாரும் போய்ப் பார்க்கக் கூடாது. அதனால் டாமியா சொன்னான்: “நாலு மணிக்குப் பார்த்தோம். ஊர்ப் பக்கமா இறங்கினாங்க.” நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவர்கள் மூன்று நாள் ஊர்ப் பக்கப் பள்ளத்தாக்கில் தேடினார்கள். அந்த அம்மாள் கடல் பக்கத்தில் கிடந்தார். இதே விசில் அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாளும் விசில் தூரத்திலேயே கேட்டது. நான் பைன் இலையில் படிந்த பனியை நக்கிக்கொண்டு கிடந்தேன். டாமியாவுக்கு அதுவும் இல்லை.

இரண்டாவது இரவு அவன் குரல் மாறிவிட்டது.

“மாப்ள… பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க.”

“யாரும் இல்ல. கண்ண மூடிக்க.”

“கல்லு அடுக்குறாங்க மாப்ள… என்னைச் சுத்தி…”

டக்…

எனக்கும் கேட்டது.

டக்…

“டீச்சர், தப்புதான்… தப்புதான் டீச்சர்…”

விடிய விடிய அதையே சொன்னான். பிறகு சொல்லவில்லை. கடிகாரம் பார்த்தேன். காலை 6:02.

8:15க்கு ஹெலிகாப்டர் நேராக என் தலைக்கு மேல் வந்து நின்றது. தேடி வந்த மாதிரி இல்லை. தெரிந்து வந்த மாதிரி.

நான்காவது நாள் மருத்துவமனையில் மீட்புப் படை அதிகாரி பெனாசர் வந்தார். அந்த வசந்தத்தில்தான் தன் ஆட்களோடு எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்தவர். நானே எல்லாவற்றையும் சொன்னேன். குவியல்கள், பொய், தலையாட்டல், எல்லாம். எழுதிக்கொண்டார். பிறகு நான் கேட்டேன்.

“ரெண்டு நாளா ஏன் சார் ஊர்ப் பக்கமே தேடினீங்க?”

“பார்த்த சாட்சி இருந்துதே” என்றார். நோட்டுப் புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். “ஐந்தாம் தேதி, இரவு 7:40. அடிவாரத்துல, பாதை பிரியிற இடத்துல ஒரு அம்மா நின்னுட்டிருந்தாங்க. அறுபது வயசு இருக்கும். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாங்க. மழையே இல்ல, ஆனா உடம்பெல்லாம் நனைஞ்சிருந்தது. எங்க ஆள் ஆறு பேரும் பார்த்தோம். ‘நாலு மணிக்குப் பார்த்தேன், ஊர்ப் பக்கமா இறங்கினாங்க’ன்னு சொன்னாங்க.”

“அப்புறம் என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அவங்கதான் திரும்ப வந்து கடல் பக்கப் பாறையைக் கை காட்டினாங்க. அதே இடம். ஏழாம் தேதி, காலை 6:05.”

நேரத்தை மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். டாமியா கிடந்த திட்டிலிருந்து பாதை பிரியும் இடத்துக்கு, நல்ல கால் உள்ளவனுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

“என்ன சொன்னாங்க?”

அவர் நோட்டைப் பார்த்தே படித்தார்.

“‘ஒருத்தர் சத்தம் இப்பதான் நின்னுது. இனிமே போய் மத்தவரை எடுத்துக்கங்க.’”